செல்போன் வாசித்த பாபா

சிலேட்டில் எழுதி முடித்ததும் முன்ஸிஃப் அதை மகள் பக்கம் திருப்பினார். 'ரீம், பக்கத்துல வந்து உக்காரு.' எட்டு வயது ரீம் எழுத்துகளைப் பார்க்கவில்லை. செல்போனை எடுத்து சிலேட்டுக்கு நேரே பிடித்தாள். கேமராவில் தெரிந்ததைச் செல்போன் ஒரு பெண் குரலில், வானொலிச் செய்தி போல வாசித்தது.

"இந்தம்மா யாரு பாபா? நீ இப்படிப் பேச மாட்டியே."

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகர வேன் நிலையத்தில் "தூனிஸுக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்" என்று கூவி வண்டிகளை நிரப்பியவர் அவர். குளிர்காலத்தில், தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மகளிடம் பேச எழுத்து போதும் என்றுதான் நம்பியிருந்தார். அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை. மெய்களை வரிசையாக நிறுத்திவிட்டால், வாசிக்கிறவர் தனக்குப் பழகிய பேச்சிலிருந்து மிச்சத்தைப் போட்டுக்கொள்வார். ரீம் வாசித்தால் பாபாவின் குரலையும் சேர்த்தே போட்டுக்கொள்வாள் என்பது அவர் போட்ட கணக்கு. கருவியும் இடைவெளிகளை நிரப்பத்தான் செய்தது. ஆனால் அது கற்றதெல்லாம் செய்திகளிலிருந்தும் பாடநூல்களிலிருந்தும். ஸ்ஃபாக்ஸ்காரன் ஒருவன் மகளைக் கூப்பிடும் விதம் அதற்கு எங்கே தெரியும்.

சமையலறையிலிருந்து மனைவி நஜாத் எட்டிப் பார்த்தாள். "போனைக் கீழ வைடி. நீயே படிச்சா வாய் வலிக்குமா?"

"அதுதான் படிக்குதேம்மா. வகுப்புல எல்லாரும் இப்படித்தான்."

முன்ஸிஃப் செல்போனை வாங்கி ஓரமாக வைத்தார். முதல் எழுத்தின் மேல் அவள் விரலை வைத்து, அதன் ஒலியைக் காட்ட வாயைத் திறந்தார். உதடும் நாக்கும் சரியாகத்தான் அசைந்தன. மூச்சு இப்போது அந்த வழியாக வருவதில்லை. ரீம் அந்த வாயையே பார்த்தாள். பிறகு மெதுவாக விரலை உருவிக்கொண்டாள்.

செல்போனை எடுத்து, போன வருடத்துச் செய்திகளுக்குப் போனாள். வேன் நிலையத்திலிருந்து அவர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன.

"என் ஈரக்குலையே, தூங்கிடாத. பாபா வந்துக்கிட்டே இருக்கேன்."

ரீம் சிரித்தபடி அதைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். முன்ஸிஃப் நகர்ந்து போய் அவள் அருகில் உட்கார்ந்தார். கழுத்துத் துணிக்குக் கீழே, மூச்சு விடும் ஓட்டையில் காற்று சீறியது.

"பாபா, சத்தம் போடாத. நீ பேசுறது கேக்க மாட்டேங்குது."

அவர் துணியின் மேல் உள்ளங்கையை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரீம் மறுபடியும் அழுத்தினாள்.