ஒப்பீட்டுக்கும் தாவலுக்கும் நடுவே

எம்பிராய்டரி இயந்திரத்தை ஓட்டும் நிரல் நாத்தனார் எழுதியது. அதைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அண்ணியின் பொறுப்பு. ஒரே அலுவலகம், மேல்மாடியும் கீழ்மாடியும்.

"அண்ணி, நூல் அறுந்தா மிஷின் நிக்கணும். தையல் எண்ணுறதுக்கு ஒரு வரி சேர்த்தேன். இப்ப நிக்காம வெறும் ஊசியால குத்திக்கிட்டே போகுது. எல்லாரும் பழியை என் தலையில போடுறாங்க."

"கம்பைலர்ல தப்புன்னு சொல்ல வந்தியா?"

"வீட்டுல சொன்னா அண்ணன் சண்டைக்கு வருவாரு. அதான் இங்க சொல்றேன்."

அண்ணி சிரித்துவிட்டு, அந்த வரி இல்லாதபோதும் இருந்தபோதும் வந்த கட்டளைப் பட்டியல்களை அருகருகே வைத்துப் படித்தாள். அரை மணியில் பிடிபட்டது.

சிப்பில் எண்களை வைத்துக் கணக்குப் போட ரிஜிஸ்டர் என்ற இடங்கள் எட்டே எட்டுதான். புது வரி வந்ததும் இடம் போதவில்லை. கம்பைலர் ஓர் எண்ணை நினைவகத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு திரும்ப எடுத்தது. எடுத்த இடம்தான் வில்லங்கம். நூல் இருக்கிறதா என்று ஒப்பிட்ட விடை, ஃபிளாக் என்ற ஒற்றைக் குறியில் நிற்கும். அதைப் பார்த்து அடுத்த கட்டளை நிறுத்தும் பகுதிக்குத் தாவ வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஒதுக்கிய எண்ணின் முகவரியைக் கணக்கிட ஒரு கூட்டல் நுழைந்திருந்தது. இந்தச் சிப்பில் எந்தக் கூட்டலும் ஃபிளாக்கை மாற்றிவிடும்.

"உன் வரியில ஒண்ணுமில்ல. கம்பைலர்ல ஒப்பிடுறதையும் தாவுறதையும் தனித்தனியா எழுதிவெச்சது நான்தான்."

மேலாளரிடமும் அதையே சொன்னாள்.

"ஃபிளாக்கைத் தொடாம கூட்ட முடியாதாம்மா?"

"அப்படி ஒரு கூட்டல் இந்தச் சிப்புலயே இல்ல சார். ஒப்பிடுறதையும் தாவுறதையும் கம்பைலருக்கு ஒரே கட்டளையா காட்டிடுறேன். எந்த எண் எந்த ரிஜிஸ்டர்லன்னு முடிவான பிறகு பிரிச்சுக்கலாம். நடுவுல எதுவும் நுழைய முடியாது."

"எப்ப முடியும்?"

"மதியத்துக்குள்ள."

மறுநாள் காலை ஆயிற்று. இதே கோளாறு இன்னும் பதினோரு இடங்களில் இருந்தது. எதையும் விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாத்தனார் கத்தரிக்கோலை எடுத்து, ஓடும் இயந்திரத்தின் நூலை வெட்டினாள். ஊசி அப்படியே நின்றது. நூலைக் கோத்து மறுபடி வெட்டினாள். மறுபடி நின்றது.

அண்ணி அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"தப்பு செஞ்சவர்னு உங்க பேரையே போட்டிருக்கீங்க?"

"கீழ படி. சரிசெஞ்சவர் பேரும் அதேதான்."