பன்னிரண்டு வண்டிக்கு ஒரே பேப்பர்

தார்ப்பாய் தைக்கிறவள் தன் வீட்டு முற்றத்தில் கிடந்த நசுங்கிய லாரியின் இடது பின்சக்கரத்தில் ஆணி அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. அதே பத்தேகாலுக்கு, புக்கிங் ஆபீஸ் முதலாளியின் மற்றப் பதினோரு லாரிகளிலும் இடது பின்சக்கரம் காற்றிறங்கியது. ஒன்று எடைமேடையில் நின்றது, ஒன்று சிமெண்ட் குடோனில், இரண்டு டீசல் வரிசையில், மீதி ரோட்டோரங்களில். பஞ்சர்க் கடைக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலாளியிடம் பன்னிரண்டு லாரி. இன்சூரன்ஸ் கட்டியது ஒன்றுக்கு. அந்த ஒரு பேப்பரை நகலெடுத்து, வண்டி நம்பரை மட்டும் வெட்டி ஒட்டி, மறுபடி நகலெடுத்து, பன்னிரண்டு வண்டியிலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். சரக்கு அனுப்புகிறவர்கள் கேட்டால் உறையைத் தூரத்திலிருந்து ஆட்டிக் காட்டுவார். ஊரில் அவருக்கு ஒத்தத்தாள் என்றே பெயர், முகத்துக்கு நேரே மட்டும் முதலாளி. போன வருடம் ஒரு வண்டி பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் பாலத்துச் சுவரில் மோதியது. அதில் செத்தவன் தார்ப்பாய்க்காரியின் கணவன், அந்த ஆபீசில் பதினாலு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன். இழப்பீடு என்று போனால் இன்சூரன்ஸ் கம்பெனி அசலைக் கேட்கும், குட்டு உடையும். அதனால் முதலாளி கோர்ட்டில் நாக்கூசாமல் சொன்னார்: "அவன் என் டிரைவரே இல்லீங்க. சாவியத் திருடிக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கான்." கூடவே நகல் கட்டை மேசைமேல் வைத்து, தன் வண்டி அத்தனைக்கும் இதுதான் அத்தாட்சி என்று சத்தியமும் செய்தார். நீதிபதி நம்பினார். லாரிகளும் நம்பிவிட்டன. அன்றிலிருந்து அவை பன்னிரண்டும் ஒரே வண்டி. அவ்வளவுதான் விஷயம்.

நொறுங்கிய வண்டியை மீட்கப் போனால் கேள்வி வரும் என்று முதலாளி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எங்கே இறக்குவது என்று தெரியாத கிரேன்காரர் அதைச் செத்தவன் வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே தைத்தாள், அதைப் பார்த்துக்கொண்டே துணி காயப்போட்டாள். தட்டில் போட்ட சோற்றில் பாதியை அப்படியே ஒதுக்கினாள். ஒரு திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "திருட்டு டிரைவர் பொண்ணுன்னு கூப்பிடறாங்கம்மா." மறுநாள்தான் அவள் தார்ப்பாய்க்கு வளையம் அடிக்கிற சுத்தியலை எடுத்தது.

அன்று சாயங்காலம் கிழிசல் தைக்க வந்த டிரைவர் ஒருவன் பதினோரு சக்கரக் கதையைச் சொன்னான். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய், முற்றத்து வண்டியின் ஹாரன் ஒயரைப் பிடுங்கினாள். வாசலில் நின்ற அவன் வண்டி ஊமையானது. "அடேங்கப்பா! அக்கா, அந்த வைப்பரையும் பிடுங்குங்க, பாப்போம்" என்றான். அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை, ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். டீசல் டேங்கில் மண் போட்டாள். சீட்டைக் கிழித்தாள். இடது கதவைக் கழற்றித் துணி துவைக்கிற இடத்தில் மறைப்பாக வைத்தாள். முதலாளி எந்த வண்டிக்கு எத்தனை கதவு மாட்டினாலும் நிற்கவில்லை. எதைச் செய்தாலும் முந்தின நாளே டிரைவர்களுக்குப் போன் செய்து, வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுத்தான் கைவைப்பாள். இன்னொருத்தி தன்னைப்போல் புருஷனை இழந்து உட்காரக் கூடாது என்பதில் கறாராக இருந்தாள்.

முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புது லாரி ஒன்று வாங்கினார். பழக்க தோஷம், அதிலும் அதே நகலைச் செருகினார், மூன்றாம் நாள் அதன் கதவும் விழுந்தது. கடைசியில் ஒழுங்காக இன்சூரன்ஸ் எடுக்கவே துணிந்தார். பார்வையிட வந்த அதிகாரி ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சேஸிஸ் நம்பரைப் படித்தார், எல்லாவற்றிலும் ஒரே நம்பர். "இது மொத்தமும் ஒரே வண்டிங்க. அது போன வருஷமே பாலத்துல செத்துப்போச்சு. செத்த வண்டிக்கு எப்படிங்க இன்சூரன்ஸ் போடறது?" என்று கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

முதலாளி செருப்பை வெளியே விட்டுவிட்டு அவள் முற்றத்துக்கு வந்தார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

"உங்க காசு எனக்கெதுக்கு? எந்தக் கூண்டுல ஏறி அவரத் திருடனாக்குனீங்களோ, அதே கூண்டுல ஏறி அது பொய்யின்னு சொல்லுங்க."

சொன்னார். டிரைவர்கள் எல்லாரும் பின்னால் நிற்க, வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். "அவன் என் டிரைவர்தாங்க. பிரேக் சரியில்லன்னு ரெண்டு தடவ சொன்னான். நான்தான் போயிட்டு வான்னு அனுப்பிச்சேன்." தீர்ப்பை மாற்றி எழுதினார்கள். மகள் அதை வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசித்தாள். கோர்ட் படியில் முதலாளி, "அதான் சொல்லிட்டேனேம்மா, இனிமே விட்டுடுவே இல்ல?" என்று கேட்டார்.

"விடறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

சனிக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டருடன் வந்தார். டிரைவர்கள் அதற்கு முன்பே படுக்கை, தண்ணீர்க் கேன், சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கி, தள்ளி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு வேறு ஆபீசில் வேலை பேசிவைத்ததும் அவள்தான். முற்றத்தில் நெருப்புப் பட்டதும் அங்கங்கே நின்ற லாரிகளின் கேபின் முதலில் கழன்று விழுந்தது, பிறகு அச்சு, பிறகு சேஸிஸ் நான்கு துண்டாக. வெட்டுவாய் கொதித்தது, தொட்டுப் பார்த்த ஒருவன் விரல் வெந்த தழும்பை இன்றும் காட்டுவான். போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தர் அத்தனை நம்பரையும் ஒரே கோட்டில் அடித்தார். ஒரே வண்டிதானே, ஒரு படிவம் போதும் என்றார்.

ஆபீசை இழந்த முதலாளிக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, வாலிபத்தில் எடுத்த ஹெவி லைசென்ஸ். இன்னொரு புக்கிங் ஆபீசில் டிரைவராகச் சேர்ந்தார். முதல் நாள், லோடு ஏற்றிய வண்டி தார்ப்பாய் கட்ட அவள் வாசலில் நின்றது. அவர் கூட வந்திருந்த புது முதலாளியிடம் மெதுவாக, "இன்சூரன்ஸ் பேப்பர் இருக்குங்களா?" என்று கேட்டார். புது முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல லோட எறக்கிட்டு வாங்க."

அவர் குனிந்து இடது பின்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்து ஏறினார்.

தார்ப்பாய்க்காரி கயிற்றை இறுக்கிக் கட்டினாள். வண்டி திருப்பத்தில் மறைகிறவரை பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். கணவன் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.