பாதுஷாவின் தட்டு

ஃபர்ஹா அனுப்பிய வீடியோவைத் தமிழ்வாணி மூன்றாவது முறையாகப் பார்த்தாள். வீட்டில் வளர்க்கிற நான்கடி நீள இக்வானா ஓணான் ஒன்று பின்னங்கால்களைக் கந்தல் துணிபோல இழுத்துக்கொண்டு தரையில் நகரப் பார்க்கிறது. தாடை நடுங்குகிறது. பக்கத்தில், தமிழ்வாணி தன் கையால் வனைந்து ஃபர்ஹாவுக்கு விற்ற ஆரஞ்சு நிறத் தட்டில் கீரை வாடிக் கிடந்தது.

தட்டுக்குப் போட்ட அந்த ஆரஞ்சுப் பூச்சை வாங்கிய அன்றே கடைக்காரர் சொல்லியிருந்தார். "இதுல ஈயம் இருக்கும்மா. பூந்தொட்டிக்கு மட்டும் போடுங்க, திங்கிற பாத்திரத்துக்கு ஆகாது." வேறு எந்தப் பூச்சிலும் அந்த நிறம் வரவில்லை. மனுசனா திங்கப்போறான், ஓணான்தானே என்று நினைத்துக்கொண்டாள். இன்ஸ்டாகிராமில் தட்டின் படத்துக்குக் கீழே 'ஈயம் கலக்காதது, உங்கள் செல்லத்துக்குப் பாதுகாப்பானது' என்று எழுதியதும் அவள்தான்.

ஃபர்ஹா போனில் அழைத்தாள்.

"ஒரு வாரமா வாயே வைக்கலக்கா. ஏதோ விஷம் ஏறியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. என்னன்னு தெரிஞ்சா மருந்து இருக்காம். சாப்பிடுற தட்டைக் கொண்டாங்க, டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்ங்கிறாரு. எங்க அக்கா தட்டு அப்படி இருக்காதுன்னு நான்தான் சண்டை போட்டேன்."

தமிழ்வாணி பேச்சை மாற்றினாள். "சாப்பிட என்ன குடுக்குறீங்க?"

"கீரை, பப்பாளி. தக்காளின்னா அதுக்கு உசுரு, அரைச்சு வச்சிருவேன்."

புளிப்பு பட்டால் அந்தப் பூச்சிலிருந்து ஈயம் இறங்கும். அது தமிழ்வாணிக்குத் தெரியும்.

"தக்காளியப் போயி யாராச்சும் குடுப்பாங்களா ஃபர்ஹா? அதான் விஷம்."

"என் கையாலயே குடுத்துட்டேனாக்கா?"

"பாத்துக் குடுத்திருக்கணும்ல."

மறுநாள் காலையில் திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு வெள்ளைத் தட்டோடு காஜிமார் தெருவுக்குப் போனாள். மாடியில் ஒற்றை அறை. தலாக் ஆகி இங்கே வந்த நாளிலிருந்து நான்கு வருஷமாக ஃபர்ஹாவோடு இருப்பது அந்த இக்வானா ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் தோளில் ஏறிக்கொள்ளுமாம். இப்போது ஈரத் துண்டில் கிடந்தது. "பாதுஷா, அக்கா வந்திருக்காங்க பாரு" என்றாள் ஃபர்ஹா. ஒரு கண் மட்டும் பாதி திறந்தது.

"பழைய தட்டைக் குடுங்க. தக்காளி ஊறுன தட்டு, இனி ஆகாது" என்றாள் தமிழ்வாணி. "டாக்டர்கிட்டயும் தக்காளின்னே சொல்லிருங்க. டெஸ்ட்டு, கிஸ்ட்டுன்னு அலைய வேணாம்."

ஃபர்ஹா தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். பேப்பரில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். தமிழ்வாணி வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"இம்புட்டுத் தூரம் நீங்க வந்ததே போதும்க்கா. அதுக்காக அல்லாகிட்ட துஆ கேளுங்க."

தமிழ்வாணி டீயைக் குடித்து முடித்தாள். பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டியில் பொட்டலத்தைப் போட்டாள். அது உடையக்கூட இல்லை.

நான்காம் நாள் பாதுஷா செத்தது. இக்வானா வளர்ப்பவர்களின் குழுவில் ஃபர்ஹா நீளமாக எழுதியிருந்தாள். தக்காளி கொடுத்துத் தானே கொன்றுவிட்டதாகவும், யாரும் தன்னைப்போல் செய்ய வேண்டாமென்றும், வீடு தேடி வந்து பார்த்த தமிழ்வாணி அக்காவை மறக்க மாட்டேன் என்றும். கீழே அறுபதுக்கும் மேல் பின்னூட்டங்கள். 'உனக்கெல்லாம் எதுக்கு உயிர்ப்பிராணி?' 'புள்ள பெத்தா அதையும் இப்படித்தான் கொல்லுவ.' ஒவ்வொன்றுக்கும் அடியில் ஃபர்ஹா ஒரே பதிலைப் போட்டிருந்தாள்: 'ஆமாங்க, என் தப்புதான்.'

தமிழ்வாணி எல்லாவற்றையும் படித்தாள். அதற்குள் அந்தக் குழுவிலிருந்தே மூன்று பேர் அவளிடம் தனியாகத் தட்டு கேட்டிருந்தார்கள். மூவரும் கேட்டது ஆரஞ்சு.

மொட்டை மாடிக்குப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆரஞ்சுப் பூச்சு வாளியைத் திறந்தபோது மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. பூச்சு முழுக்க அடியில் கெட்டியாகப் படிந்திருந்தது. குச்சியை விட்டு மெதுவாகக் கிண்டினாள். நிறம் சுழன்று சுழன்று மேலே வந்தது.