இரண்டு தட்டு

மாமனாரின் இந்தக் கார் பட்டறையில் ஆறு வருடமாக எனக்குப் பெயர் கிடையாது. மாமனாருக்கு நான் மாப்பிள்ளை, அதனால் வேலையாட்களுக்கும் மாப்பிள்ளை, வண்டியைப் பழுதுபார்க்க விட வருகிற முன்பின் தெரியாத ஆளுக்கும் மாப்பிள்ளை. வீடு பட்டறைக்கு மேலே. நான் இருமினால் கீழே கேட்கும், அவர் சுத்தியலைப் போட்டால் எங்கள் கட்டில் அதிரும். மூச்சு முட்டிப்போய் வெளியூரில் ஒரு வேலை பிடித்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

என் மனைவி மறுபேச்சு பேசவில்லை. வெள்ளிக்கிழமை நான் வீடு பார்க்க ஒரு நண்பன் பைக்கில் வெளியூர் போய்த் திரும்புவதற்குள் தன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். தூக்கிப் பார்த்துவிட்டு, கல்லையா கட்டியிருக்கிறாய் என்று கேலி செய்தேன். என் துணிமணிக்குத்தான் பெட்டி பற்றவில்லை.

சனிக்கிழமை எங்கள் கிழட்டுக் காரை ஓட்டினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். ஜாக்கி போட்டு அசைத்துப் பார்த்தேன், பின்சக்கரம் இரண்டும் ஆடின. பேரிங் போய்விட்டது. போன வருடம்தான் இரண்டு பக்கமும் பேரிங்கோடு, சக்கரம் மாட்டுகிற ஹப்பையே புதிதாக மாற்றியிருந்தேன். மறுநாள் ஞாயிறு, உதிரிபாகக் கடை எல்லாம் பூட்டு.

ஞாயிறு காலை பிரேக் டிரம்மைக் கழற்றியதும் நட்டைப் பார்த்தேன். ஹப்பைப் பிடித்திருக்கும் அந்த நட்டு தானாகக் கழலாதிருக்க, அதன் விளிம்பை உளியால் தட்டி அச்சின் பள்ளத்துக்குள் மடக்கிவிடுவோம். நான் எப்போதும் ஒரே தட்டுதான். இதில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டு தட்டு என்றால் மாமனார்.

ஹப்பை இழுத்தேன். அதன் முதுகில் வெள்ளைப் பெயின்டில் ‘குப்பை’ என்று எழுதியிருந்தது, என் கையெழுத்தில். போன வருடம் நானே கழற்றி மூலையில் போட்ட பழசு.

கதவைப் பூட்டினால்கூடப் பொறுத்திருப்பேன். ஹப்பை அவர் முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, என்னைப் போகவிடக் கூடாது என்று இவ்வளவு கீழே இறங்குவீர்களா என்று கேட்டேன். அவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கினார். அது தோளுக்கு மேல் போகவில்லை, அழுத்திப் பிடிக்க வலுவும் இல்லை. முன்பொரு தடவை கீழே விழுந்ததிலிருந்து அப்படித்தான், எனக்கும் தெரியும்.

“இந்தக் கையால அந்த நட்டைக் கழட்ட முடியுமா, மாப்ள? ரெண்டு தட்டு நான் ரெண்டு பேருக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதுல ஒருத்தர் நீங்க, நீங்க கேக்கல.”

மாடிப்படி ஏறினேன். வாசலில் இருந்த அவள் பெட்டியைத் திறந்தேன். ஒரு புடவைகூட இல்லை. பழந்துணியில் சுற்றிய, காரிலிருந்து கழற்றிய இரண்டு நல்ல ஹப்பும், இரண்டு புது நட்டும் இருந்தன.

அவள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“அப்பாவ விட்டுட்டு வரமாட்டேன்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ‘ம்’ன்னீங்க.”

நான் அதை நினைவுபடுத்திப் பார்த்தேன். எந்த வண்டி என்றுகூட ஞாபகம் வரவில்லை.

அவளே ஹப் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் மாட்டினேன், அவள் நட்டை முடுக்கினாள். உளியை என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு பக்கமும் இரண்டு தட்டு தட்டினாள். ஓட்டிப் பார்த்தேன். துளி சத்தம் இல்லை.

திரும்பி வந்தபோது பெட்டியை வாசலில் மூடி வைத்திருந்தாள்.

“உங்க துணிக்கு இடம் பத்தலன்னீங்களே. இதையும் எடுத்துக்கோங்க.”

காலிப் பெட்டி, ஒரு விரலால் தூக்கிவிடலாம். எனக்குக் கை எழவில்லை.