பச்சைப் புள்ளி குறித்த நடுநிலைக் கட்டுரை

பூதலிங்கம் இறந்த பிறகும் கைபேசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணையவில்லை. அதனால் அவருக்கு ஆண்டுத் திதி கொடுக்க முடியாது என்று புரோகிதர் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கடற்கரையில் இப்போதெல்லாம் புரோகிதர்கள் தர்ப்பையை எடுப்பதற்கு முன் செயலியைத் திறந்து பார்க்கிறார்கள். புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தால் எள் டப்பாவைத் திறப்பார்கள். பச்சையாக இருந்தால் மூடிவிடுவார்கள்.

“ஆளு இணைப்புல இருக்காருல்லா. நாளைக்கு அவரே வந்து, எனக்கு எதுக்குவே பிண்டம் வச்சீருன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?” என்றார் புரோகிதர்.

பூதலிங்கத்தின் மனைவி நீலாம்பிகை நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டு ஓய்வு பெற்றவள். அட்டை போடுகிற சாக்கில் பாதி நூலகத்தைப் படித்திருந்தாள். மூடிய எள் டப்பாவை எப்படித் திறக்க வைப்பது என்று அவள் படித்த எதிலும் இல்லை.

தப்பு நடந்தது சுடுகாட்டில். பூதலிங்கத்தின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்குப் பிரியமான பொருளை உடலோடு அனுப்பிவிடுவார்கள். நீலாம்பிகையின் மாமனாருடன் மூக்குப் பொடிமட்டை போயிற்று. பெரிய மாமாவுடன் சீட்டுக்கட்டு போயிற்று. பூதலிங்கத்தின் வேட்டி மடிப்பில் அவருடைய தம்பி ஆறுமுகப்பெருமாள் கைபேசியைச் செருகினார். முழுக்க சார்ஜ் ஏற்றிச் செருகினார். கணக்கை மூடிவிட்டு அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பொடிமட்டையில் அந்தத் தொல்லை இருந்ததில்லை.

மறுநாள் அஸ்தி எடுக்கப் போனார்கள். எலும்பு கிடைத்தது. கைபேசி கிடைக்கவில்லை. அன்று காலையே குடும்பக் குழுவில் பூதலிங்கம் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூவைப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் தவறவில்லை. விடிந்தால் ரோஜாப்பூ. யாராவது கல்யாணப் படம் போட்டால் ‘அருமை’. யாராவது இறந்தால் கைகூப்பு. அவருடைய பிறந்தநாள் வந்தபோது ஊரே அவரைப் பல்லாண்டு வாழ்கவென்று வாழ்த்தியது. இழவன்று துட்டி வீட்டில் நீலாம்பிகையைக் கட்டிக்கொண்டு அழுதவர்களும் வாழ்த்தினார்கள். அவள் சித்தி மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லாரும் போடும்போது நான் மட்டும் போடவில்லையென்றால் அத்தான் என்ன நினைப்பார் என்று சித்தி மகள் திருப்பிக் கேட்டாள்.

நீலாம்பிகை கொழுந்தனிடம் போனாள். ரீசார்ஜ் எப்போது முடியும் என்று கேட்டாள்.

“வருச பிளான், மைனி,” என்றார் ஆறுமுகப்பெருமாள். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

புள்ளியை அணைக்க நடுநிலை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்று செயலியின் உதவிப் பக்கம் சொன்னது. அவள் போனாள்.

அந்த அலுவலகத்தின் தாழ்வாரம் நடந்து கடக்கிற தாழ்வாரம் இல்லை. சுவரில் கட்டைவிரலை வைத்து மேலே தள்ள வேண்டும். தள்ளத் தள்ள அடியிலிருந்து புதிய பெஞ்சுகளும் புதிய ஆட்களும் வந்தார்கள். ஒருவர் அழுதார். அடுத்தவர் மீன்குழம்பு வைத்துக் காட்டினார். அடுத்தவர் யாரையோ கண்டித்தார். நடுவில் கொசுவலை விற்கிற ஒருவர் குறுக்கே நின்றார். சற்று நேரம் அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் ஓரமாக ஒரு சிறிய வழி திறந்தது. நீலாம்பிகைக்குக் கட்டைவிரல் வலித்தது. தாழ்வாரம் முடியவில்லை. அவள் தள்ளுவதை நிறுத்தினாள். உடனே பக்கத்தில் இருந்த கதவு திறந்தது.

உள்ளே ஜெயசீலி என்ற அதிகாரி இருந்தாள். மேசைமேல் பலசரக்குக் கடைத் தராசு ஒன்று இருந்தது.

புள்ளியை அணைப்பது சிறிய வேலைதான் என்றாள் ஜெயசீலி. ஆனால் அணைக்கச் சொல்கிறவர் ஒருதலையாக இருக்கக் கூடாது. இன்றைய சமூக ஊடகச் சிக்கல் ஒன்றைப் பற்றி நடுநிலையான, தகவல் நிறைந்த கட்டுரை எழுதித் தர வேண்டும். முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை. நன்மைகளை ஒரு தட்டிலும் தீமைகளை ஒரு தட்டிலும் வைப்பார்கள். முள் நடுவில் நின்றால் புள்ளி அணையும்.

“என் வீட்டுக்காரர் செத்துப் போனது சமூக ஊடகச் சிக்கலாம்மா?” என்றாள் நீலாம்பிகை.

“அவரு செத்தது சிக்கல் இல்லம்மா. அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான் சிக்கல்.”

நீலாம்பிகை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ‘என் கணவர் பூதலிங்கம் இறந்துவிட்டார்’ என்று தொடங்கினாள். ஜெயசீலி தாளை எடுத்துத் தராசில் வைத்தாள். தட்டு மேசையில் இடித்தது.

‘என்’ என்பதை எடுக்கச் சொன்னாள். எடுத்தாள். ‘கணவர்’ என்பது ஒரு தரப்பின் சொல் என்றாள். அதையும் எடுத்தாள். பெயர் இருந்தால் பரிவு வரும் என்றாள். ‘இறந்துவிட்டார்’ என்பதை ‘இறந்ததாகக் கூறப்படுகிறது’ என்று மாற்றச் சொன்னாள்.

“யாரு கூறினா? நான்தான வாயில பால் விட்டேன்?”

“அதத்தாம்மா சொல்லுதேன். நீங்க சம்பந்தப்பட்ட ஆளு.”

வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு நீலாம்பிகை எழுந்தாள். வீட்டில் அடுப்படி மேசையில் வைத்து எழுதினாள். ஒரு நபர் இல்லாமல் போவதன் நன்மைகள் என்று தலைப்பிட்டு, அதன்கீழ், முருங்கைக்காய் மிச்சமாகிறது, கதவைத் தாழிடாமல் காத்திருக்க வேண்டியதில்லை, குறட்டை இல்லை என்று எழுதினாள். தீமைகள் என்று தலைப்பிட்டாள். வெகுநேரம் யோசித்தாள். குறட்டை இல்லை என்று எழுதினாள். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

ஜெயசீலி தாளை இரண்டாகக் கத்தரித்துத் தட்டுகளில் வைத்தாள். தீமைகள் தட்டு கீழே போயிற்று. நன்மைகள் மேலே எழும்பி அவள் மூக்கில் இடித்தன.

“இதுல மூணு இருக்கு, அதுல ஒண்ணுதான இருக்கு,” என்றாள் நீலாம்பிகை. “அதுவும் ரெண்டு பக்கமும் உள்ள அதே வார்த்த.”

ஜெயசீலி தட்டைத் தட்டிப் பார்த்தாள். தராசில் பழுது இல்லை.

“இந்தப் பக்கம் எழுதினது கனமா இருக்கும்மா. நீங்க அமுக்கி எழுதிட்டீங்க.”

அமுக்காமல் எழுதிக் காட்டினாள். அதே கனம் இருந்தது. பென்சிலால் எழுதினாள். அதே கனம். ஜெயசீலியே எழுதினாள். அப்போது தாளுக்கு எடையே இல்லை. ஆனால் அதிகாரி எழுதியதை ஏற்க விதி இல்லை.

நீலாம்பிகைக்கு எரிச்சல் வந்தது. ஒரு மனிதர் இறப்பதற்குக்கூட இவ்வளவு பாடுபடவில்லை, இறந்தார் என்று சொல்வதற்கு இவ்வளவு பாடா என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் ஒருதலையானது என்று ஜெயசீலி குறித்துக்கொண்டாள். அப்படியானால் மறுதரப்பையும் கூப்பிட்டு விசாரித்துவிடலாம் என்றாள். மணியை அடித்தாள்.

பூதலிங்கத்தின் கணக்கு உள்ளே வந்தது.

அது முகப்புப் படத்தில் இருப்பதுபோலவே இருந்தது. வட்டமாக இருந்தது. மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. மருமகள் முறையுள்ள ஒருத்தியின் கல்யாணத்தில் எடுத்த படம் அது. அவர் பக்கத்தில் நின்ற நீலாம்பிகையை வெட்டிவிட்டு வைத்திருந்தார். சரியாக வெட்டத் தெரியவில்லை. அவருடைய கன்னத்தை ஒட்டி அவளுடைய இடது தோள் மட்டும் பச்சைப் பட்டில் மிஞ்சியிருந்தது.

கணக்கு நாற்காலியில் உட்கார்ந்தது. உருண்டுவிடாமல் இருக்க ஜெயசீலி இரண்டு பக்கமும் கோப்புகளை அண்டக் கொடுத்தாள்.

“நீங்க இருக்கீங்களா, இல்லையா?” என்று கேட்டாள்.

“அருமை,” என்றது கணக்கு.

குரல் அவருடையதுதான். நீலாம்பிகை தன் நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அன்னைக்கு நெஞ்சு வலிக்குன்னு என்ட்ட ஏன் சொல்லல? வாசல் வரைக்கும் போய் ரோஜாப்பூ அனுப்பத் தெரிஞ்சுதுல்லா? அடுப்படிக்கு வந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா?”

கணக்கு அவளைப் பார்த்துச் சிரித்தது. படத்திலும் சிரிப்புத்தான். “பல்லாண்டு வாழ்க,” என்றது.

 நீலாம்பிகை அந்த வட்டத்தின் ஓரத்தில் இருந்த தன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயசீலியும் தோளைக் கவனித்துவிட்டாள். ஒருவருடைய தோள் இரு தரப்பிலும் இருக்க முடியாது என்றாள். படத்தில் உள்ளதை எடுக்க முடியாது, அது ஆவணம். ஆகவே நீலாம்பிகையிடம் இருந்ததைக் கழற்றி, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்தாள். வலிக்கவில்லை. கை வழக்கம்போல வேலை செய்தது. முந்தானை மட்டும் நிற்க இடமில்லாமல் நழுவியது. பேருந்தில் வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது கட்டுரையை அன்றே எழுதினாள். ‘ஒரு நபர் இருப்பதாகச் சிலரும், இல்லை எனச் சிலரும் கருதுகின்றனர். இரு தரப்பினரிடமும் ரோஜாப்பூக்கள் உள்ளன. இரு கருத்துகளும் மதிக்கத்தக்கவை. எனவே இதுகுறித்துச் சமூகம் சிந்திக்க வேண்டும்.’

மறுநாள் ஜெயசீலி அதைத் தட்டுகளில் வைத்தாள். தராசு அசையவில்லை. நல்ல கட்டுரை என்றாள் ஜெயசீலி. இதைப் படித்தால் எதைப் பற்றியது என்றே தெரியவில்லை என்று மனதாரப் பாராட்டினாள். முத்திரை குத்தினாள். திதி கொடுக்கிற நேரத்தில் புள்ளி தானாக அணைந்துவிடும் என்றாள்.

திதி நாளன்று ஆறுமுகப்பெருமாள் ஈர வேட்டியுடன் கடற்கரையில் உட்கார்ந்தார். பூதலிங்கத்துக்குப் பிள்ளை இல்லாததால் தம்பிதான் பிண்டம் வைக்க வேண்டும். புரோகிதர் கட்டுரையைப் படித்தார். பறக்காமல் இருக்க அதன்மேல் செம்பை வைத்தார். எள் டப்பாவைத் திறந்தார். யாருக்குத் திதி என்று கட்டுரையில் பார்த்தார்.

“ஒரு நபருக்கு,” என்று வாசித்தார்.

“ஒரு நபருக்கு,” என்று ஆறுமுகப்பெருமாள் திருப்பிச் சொன்னார். பிண்டத்தைத் தண்ணீரில் விட்டார். அலை அதை எடுத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச தூரம் போய் யோசித்தது. திரும்பக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தது.

மறுபடியும் விட்டார். மறுபடியும் கொண்டுவந்து வைத்தது. சோற்றுருண்டை நனையக்கூட இல்லை. புள்ளி பச்சையாக இருந்தது.

“ஆளு யாருன்னு சொல்லாம எங்க கொண்டு போகச் சொல்லுதீங்க அத?” என்றார் புரோகிதர். அவருக்குப் பின்னால் வேறு குடும்பங்கள் ஈரத்துணியுடன் வரிசையில் நின்றன.

அப்போது ஆறுமுகப்பெருமாள் அழத் தொடங்கினார். “மைனி, அலையைச் சொல்லிக் குத்தமில்ல. நேத்து நான் பிளானைப் புதுப்பிச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“காலைல ரோஜாப்பூ வரலைன்னா அண்ணன் செத்துருவானேன்னுதான்.”

நீலாம்பிகை அவரை எழுந்து நகரச் சொன்னாள்.  முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பெண்கள் இறங்கக் கூடாது என்று புரோகிதர் சொல்ல ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிண்டத்தை எள்ளோடு எடுத்து நீட்டினார்.

“பூதலிங்கம்,” என்றாள் அலையிடம். “என் வீட்டுக்காரரு. செத்துப் போயிட்டாரு. ராத்திரி குறட்டை விடுவாரு.”

பிண்டத்தை விட்டாள். அலை அதை வாங்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தபோது வெறும் நுரைதான் இருந்தது.

கரையேறியதும் அவளுடைய கைபேசி அடித்தது. ஜெயசீலி பேசினாள்.

“அம்மா, தராசு சாஞ்சு கிடக்கு. என்ன பேசினீங்க? கட்டுரை செல்லாது கேட்டீங்களா?”

“செல்லாம போகட்டும்.”

“அப்போ நீங்க ஒரு தரப்புன்னு ஆகிப் போச்சு. தோளை இங்க வச்சுக்கிட எங்களுக்கு அதிகாரம் இல்ல. வந்து வாங்கிட்டுப் போயிருங்க.”

“நாளைக்கு வாரேன்.”

பேச்சை முடித்துவிட்டுச் செயலியைத் திறந்தாள். பூதலிங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. அதன்கீழே ‘சற்று முன் இணைப்பில் இருந்தார்’ என்று இருந்தது.

வேலை முடிந்தது. எழுந்து போகலாம் என்றார் புரோகிதர். ஆறுமுகப்பெருமாள் செம்பை எடுத்தார். செல்லாத கட்டுரை காற்றில் கிளம்பி, வரிசையில் நின்ற யாருடைய ஈர முதுகிலோ ஒட்டிக்கொண்டது.

நீலாம்பிகை கடற்கரைப் படியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஒரு நிமிடத்துக்கு முன்பு’ என்று மாறியது. முந்தானை நழுவியது. அதைப் பிடிக்கவில்லை.

“எந்திரிங்க, மைனி,” என்றார் ஆறுமுகப்பெருமாள். “ஆளுங்க நிக்காங்க.”

“நிக்கட்டும்,” என்றாள் நீலாம்பிகை. “இப்பந்தான போயிருக்காரு.”