ஆறு மணி உபன்யாசம்

பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் அரை மூடித் தேங்காயைத் துருவி முடித்து விஜயலக்ஷ்மி திரும்பி வந்தபோதும், கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளி வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. பத்து மணிக்கு வகுப்பு. ஒன்பதரைக்கே அதைத் தட்டி எழுப்பினால்தான் பத்துக்குத் திரை வரும். திரை வந்து என்ன பிரயோஜனம், குரல் வர வேண்டுமே.

பாண்டுப், காட்கோபர், செம்பூர் என்று ஒன்பது குழந்தைகள். எல்லாம் வீட்டில் தமிழ் பேசுகிற குழந்தைகள்தான். ஆனால் ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைக்கூட எழுத்துக் கூட்டத் தெரியாது. ஞாயிறுதோறும் அவர்களுக்கு அவள் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதில், மாதுங்காவின் இந்த இரண்டாவது மாடி வீட்டில், இது என்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள முடிந்த ஒரே காரியம்.

அன்றும் அதே கதைதான். அவள் வாயைத் திறந்ததும் நகுல் என்ற பையன், "டீச்சர், உங்க ஆவாஸ் மறுபடி கட் ஆகுது" என்று குரல் வெட்டுவதைச் சொன்னான். பத்து நிமிஷம் அவள் கத்திப் பார்த்தாள். கடைசியில் ஒரு குழந்தையின் அம்மா, பாண்டுப்பிலிருந்து பிரேமலதா, திரைக்கு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமி. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். மத்த பேரன்ட்ஸ் எல்லாம் வேற கிளாஸ் இருக்கான்னு கேக்காங்க."

ஹாலிலிருந்து வேங்கடசுப்ரமணியன் தொண்டையைச் செருமினார். அவள் கணவர். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் விஜிலன்ஸ் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் பொய் பில்களைத் துருவித் துருவிப் பிடித்துவிட்டு ரிட்டயர் ஆனவர். கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தாலே அவருக்கு ஒரே பதில்தான். "பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும். வெளி ஆளைத் தொட விடாதே. ஸ்டார்ட் ஆறதுக்கு நாழி ஆறதுன்னா அணைக்கவே வேண்டாம் விஜி, அது பாட்டுக்கு ஓடிண்டிருக்கட்டும்." அவள் அப்படியே செய்தாள். தினமும் காலையில் போட்டால் ராத்திரி படுக்கும்வரை அது அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் கிங்ஸ் சர்க்கிளில் நண்பர்களோடு நடக்கப் போனதும், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கென்று பிரேமலதா கொடுத்திருந்த நம்பருக்கு அவள் போன் செய்தாள். குர்லாவிலிருந்து கரீம் பாட்சா வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பை வெளியே விட்டு, முதுகுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே தலைமுடியும் தூசும் திரியாய்த் திரண்டிருந்தன. விஜயலக்ஷ்மிக்கு வெட்கமாகப் போயிற்று. எல்லாவற்றையும் சுத்தம் செய்து மறுபடி போட்டார். தேங்காய் துருவும் நேரம்தான் ஆனது, குறையவில்லை.

"டிஸ்க் பழசுதான் மாமி, மாத்திடலாம். ஆனா அதுக்குன்னு இவ்ளோ இழுக்காது. பின்னாடி ஏதோ ஒண்ணு உக்காந்து தின்னுட்டிருக்கு."

மெஷின் எழும்போது கூடவே எழுகிற சாமான்களின் பட்டியல் என்று ஒன்றைத் திறந்தார். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"சவுண்ட் ஹெல்பர்னு பேரு. ஆனா சவுண்டைக் கடிச்சுத் துப்புறதே இதுதான். மெஷின் ஆன் ஆனதும் மைக்கைப் பிடிச்சுக்குது. ரூம்ல யார் பேசினாலும் எழுதி வெச்சுக்குது. அது ஒரு பக்கம் இழுக்குது, உங்க கிளாஸ் ஒரு பக்கம் இழுக்குது. அதான் குரல் வெட்டுது."

"வைரஸா?"

"இல்ல மாமி. இது தானா வராது. ஆராமா, நிதானமா உக்காந்து, டைம் செட் பண்ணி, பேரை மாத்தி வெச்சிருக்காங்க. டெய்லி சாயந்தரம் அஞ்சரைக்கு ஒரு மெயிலுக்குப் போகுது."

அந்த மெயில் முகவரியை அவர் வாசிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவள் வாசித்தாள். கணவரின் பெயர், பின்னால் அவர் பிறந்த வருஷம்.

கோப்புகள் தேதி வாரியாக வரிசையில் நின்றன. பதினாலு மாதத்துக்கு. வகுப்பு ஆரம்பித்த வாரம்தான் முதல் தேதி. அப்போது கேமராவும் மைக்கும் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தவர் அவரேதான். அதைக் கட்டிடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். சரிபார்க்க வேண்டி கரீம் பாட்சா ஒன்றை அமுக்கினார். பாலக்காட்டில் இருக்கும் தங்கையோடு அவள் பேசியது வந்தது. ஒரு வெட்டு இல்லை, ஒரு பிசிறு இல்லை. குழந்தைகளுக்கு எட்டாத அவள் குரல் இங்கே அத்தனை சுத்தமாக இருந்தது. "ருக்கு, மனுஷர் தூங்கறச்சே வாய் நாத்தம் தாங்கலைடி. எப்படிச் சொல்றது..."

கரீம் பாட்சா சட்டென்று நிறுத்தினார்.

மூன்று மாதமாக அவள் கணவர் ஏலக்காய் மென்றுகொண்டிருக்கிறார். தானே உணர்ந்து செய்கிறாரே என்று அவளுக்கு உள்ளூர இரக்கம்கூட வந்திருந்தது. அப்புறம் அந்தச் செம்பூர் விஷயம். அங்கே ஒரு ரூம் எடுத்து நேரிலேயே வகுப்பு வையுங்கள் என்று இரண்டு பெற்றோர் கேட்டதை ருக்குவிடம் மட்டும்தான் சொன்னாள். மறுநாளே சாப்பிடும்போது யாரும் கேட்காமல், "செம்பூர்ல மழைன்னா முழங்கால் தண்ணி" என்றார் அவர். என்ன பொருத்தம் என்று அவள் வியந்து ரசத்தை ஊற்றியிருக்கிறாள்.

தினமும் ஆறு மணி. சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி உபன்யாசம் கேட்பார். நடுநடுவே தலையாட்டுவார், சிரிப்பார். தொந்தரவாகிவிடக் கூடாது என்று டிவியை அவள் குறைப்பாள். காபி கொண்டு வைப்பாள். வாரம் ஒருமுறை அந்த இயர்போன் குமிழ்களை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பவளும் அவள்தான். பஞ்சில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வரும் அந்த அழுக்கு நினைவுக்கு வந்தது. அந்த அழுக்கின் வழியாகத்தான் அவள் பேச்செல்லாம் உள்ளே போயிருக்கிறது. ருக்குவிடம் அழுதது, குளித்துவிட்டு வந்து தனியாக முணுமுணுத்த பாட்டு, யாருமில்லை என்று நினைத்துத் தனக்குத் தானே பேசிக்கொண்டது. புடவைத் தலைப்பால் உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுவென்றே இருந்தது.

"எடுத்துடவா மாமி?"

"நாம இப்போ பேசறதும் அதுல போறதா?"

"போகுது."

"அப்போ இன்னிக்கு இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ. அவர் இருக்கறச்சே எடுக்கணும்."

பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்குக்கு எதிரே உட்கார்ந்தாள். வகுப்பில் பேசுவதுபோல் நிறுத்தி நிதானமாகவே பேசினாள்.

"ஏன்னா, நான் விஜி. சாயந்தரம் நீங்க கேப்பேள்னு தெரியும். கோபம் வரலை. அருவருப்பா இருக்கு. பதினாலு மாசமா உங்க காது அழுக்கைத் தொடைச்சிருக்கேன், அதைவிட அருவருப்பா இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு இவர் வந்து இதை எடுப்பார், நீங்க ஆத்துல இருக்கணும். செம்பூர் ரூமுக்கு நான் சரின்னு சொல்லியாச்சு."

கரீம் பாட்சா பையின் ஜிப்பை ஏற்கெனவே மூடியிருந்தார். மறுபடி திறந்து மறுபடி மூடினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "பத்துக்கு வந்துடுறேன் மாமி" என்றார். அவர் படியிறங்கியதும் அவள் பிரேமலதாவுக்குப் போன் செய்து, சொன்னதை நிஜமாக்கினாள்.

ஆறு மணிக்கு அவர் சோபாவில் காலை மடக்கினார். இயர்போனைச் செருகிக்கொண்டார். டப்பாவிலிருந்து ஏலக்காய் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். விஜயலக்ஷ்மி டிவியைக் குறைக்கவில்லை. ஒரு டம்ளர் காபியோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் தானே குடிக்க ஆரம்பித்தாள். அவர் ஒரு கணம் டம்ளரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். மடியிலிருந்த போனில் கட்டைவிரல் அவ்வப்போது நகர்ந்தது. காலைச் சத்தங்களைத் தள்ளிவிட்டுப் போகிறார் போலும். ஓரிடத்தில் புருவம் ஏறியது. வீட்டுக்குள் ஓர் ஆண் குரல். பிறகு ஏலக்காயை மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

அவள் காபியைக் குடித்து முடித்தாள். அவர் மடியில் போனின் வெளிச்சம் அணைந்து திரை கறுத்துப்போனது. கேட்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் கண்ணைத் திறக்கவில்லை, இயர்போனையும் கழற்றவில்லை.