அண்ணாச்சிக்கும் ஒரு டீ

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது. இது அவர் போட்ட சட்டம். எனக்குத் தெரியும், சென்னையில் இருக்கிற மகள் சுகிர்தாவுக்குத் தெரியும், மதுரை ஆஸ்பத்திரிக்குத் தெரியும். அதோடு சரி. என் கூடப்பிறந்த தங்கச்சியிடமே நான் மூச்சு விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் தொழில். தங்கச்சாமி என்றால் சிவகாசியில் நடுத்தரமான ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. வெம்பக்கோட்டை ரோட்டில் கம்பெனி, ஊருக்குள் ஆபீஸ். ஆடி பிறந்தால் வெளியூர் வியாபாரிகள் வந்து தீபாவளிக்கு ஆர்டர் போடுவார்கள். முதலாளி சீக்காளி என்று காதில் விழுந்துவிட்டால், நாளைக்கு இவர் படுத்துக்கொண்டால் சரக்கை யார் அனுப்புவது என்று யோசிப்பார்கள், அடுத்த கம்பெனிப் படியேறிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பயம் என்று சொன்னால் கோபம் வரும். தொழில் நெளிவுசுளிவு என்பார்.

அதனால்தான் வயிற்று டயாலிசிஸைப் பிடித்துக்கொண்டார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடக்க வேண்டாம். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய், சட்டைக்குள் மறைந்துவிடும். பையில் சர்க்கரை கலந்த திரவம் வரும். அதை வயிற்றுக்குள் விட்டால் சில மணி நேரம் கிடந்து, உடம்பின் கழிவையும் மிச்சத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை. கிருமி போய்விடக் கூடாது என்று கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகமூடி கட்டிக்கொண்டு நான்தான் பை மாற்றுவேன். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் அந்த அறைக்குள் நின்று பார்த்தால் தெரியும், பொண்டாட்டி என்றால் என்னவென்று.

பையில் இரண்டு தினுசு வைத்திருந்தோம். மஞ்சள் வளையம் போட்டது சாதாப் பை. சிவப்பு வளையம் போட்டதில் சர்க்கரை அதிகம், தண்ணீரை வேகமாக இழுக்கும். கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் மட்டும் சிவப்பு, அதுவும் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு சொம்பு அளவு. நான் அளந்து வைப்பேன், அவரும் சமர்த்துப் பிள்ளையாக அதற்குள் முடித்துக்கொள்வார். ஊரிலேயே பத்தியம் காக்கிற மனுஷர் என்று எனக்குள் பெருமை வேறு.

இந்த ஆடிக்கு முன்னால், பையில் விட்டதைவிட வெளியே வருவது குறைய ஆரம்பித்தது. கால் பொதபொதவென்று வீங்கியது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ரோஷினி வயிற்றில் திரவத்தை விட்டு, நடுநடுவே கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மத்தியானத்துக்கு மேல் முடிவு வந்தது. வயிற்றின் உள்சவ்வில் ரத்தக்குழாய்கள் அதிகமாகிவிட்ட மாதிரித் தெரிகிறது என்றார்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆர்டர் இரட்டிப்பானது போல ஒரு மலர்ச்சி.

"நல்லதுதான டாக்டர்? ஆள் கூடுனா வேலை சுருக்கா நடக்கும்ல?"

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். பையில் இருக்கிற சர்க்கரை அந்தச் சவ்வைத் தினமும் உறுத்துகிறது. உறுத்தி உறுத்திப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, பழைய குழாய்களின் சுவர் தடித்துப்போகிறது. குழாய் கூடக் கூட, திரவத்தில் உள்ள சர்க்கரை சீக்கிரமே ரத்தத்துக்குள் போய்விடும். உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறதே அந்தச் சர்க்கரைதான். அது ஓடிவிட்டால் வயிற்றில் கிடப்பது வெறும் திரவம், இழுப்பதற்கு ஆள் இல்லை. தண்ணீர் வரவில்லையே என்று மறுபடி சிவப்பைப் போட்டால் இன்னும் குழாய் முளைக்கும்.

இந்த அளவுக்கு ஆக இன்னும் வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும், சிவப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எப்போதாவது ஒன்று, அதுவும் உங்களைக் கேட்டுத்தான் என்றேன். இவர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கல்யாணமாகி முப்பது வருஷமாகத் தெரியும்.

டாக்டர் மறுபடி கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஆபீசில் லேபிள் கட்டு அடுக்குகிற அறையில் தனியாகச் சிவப்புப் பைகள் வாங்கி வைத்திருந்தாராம். சீசன் நாட்களில் மத்தியானப் பையை ஆபீசிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்பார், மஞ்சள் பையைக் கொடுத்து அனுப்புவேன். அதை ஓரமாக வைத்துவிட்டுச் சிவப்பை மாட்டியிருக்கிறார். இரண்டு சீசனாக, அநேகமாகத் தினமும்.

எதற்கு? டீக்கு. எங்கள் ஊர் ஆபீஸ்களில் ஆர்டர் போடுகிற பார்ட்டி வந்து உட்கார்ந்தால் டீ, விலை பேசி முடித்தால் கலர் சோடா, கிளம்பும்போது மறுபடி டீ. முதலாளியும் கூடச் சேர்ந்து குடிக்க வேண்டும். தனக்கு வேண்டாம் என்று சொன்னால் விலையில் மனசு ஒப்பவில்லை என்று நினைப்பார்கள், அல்லது உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இவர் எல்லாரோடும் குடித்துவிட்டு, அத்தனை தண்ணீரையும் சிவப்புப் பை போட்டு இறக்கியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டாக்டர் முன்னாலேயே, மனுஷனா நீங்க என்று கேட்டுவிட்டேன். அப்புறம் கார் பாதி வழி தாண்டும்வரை அழுதேன்.

டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரு மாதம் வயிற்றுக்கு முழு ஓய்வு. அதுவரை கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. சில பேருக்குச் சவ்வு ஓரளவு தேறும், தேறினால் மறுபடி பைக்கு வரலாம், தேறாவிட்டால் கடைசிவரை மெஷின்தான். அந்த ஒரு மாதமும் தண்ணீர் அளவு தப்பவே கூடாது.

ஆடி ஆர்டர் நேரம். மெஷின் இல்லாத நாட்களில் கழுத்துக் குழாயை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். நானும் கிளம்பினேன். "நீ எதுக்கு காந்தம்?" என்றார். நான் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அன்று வந்தவர் தேனி கண்ணுச்சாமி. எங்களுக்குப் பெரிய பார்ட்டி, பல வருஷப் பழக்கம். வழக்கம்போல டீக்கடைக்காரர் மூன்று டம்ளர் கொண்டுவந்து வைத்தார். இவர் கை நீண்டது. நான் அந்த டம்ளரை என் பக்கம் இழுத்து, சூட்டோடு சூடாகக் குடித்துவிட்டு, என் டம்ளரையும் எடுத்தேன். நாக்கு வெந்துபோனது. இவர் என்னை முறைத்த முறைப்பில் பட்டாசே தேவையில்லை.

கண்ணுச்சாமி தன் டம்ளரைத் தொடாமல் வைத்துவிட்டார்.

"மதினி, எதுக்கு இப்படிக் குடிக்கீக? அண்ணாச்சிக்கு ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும்."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். முந்தின வருஷ ஆடியிலிருந்தே தெரியுமாம். அவருடைய மச்சினனும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாராம், அங்கே எங்களைப் பார்த்திருக்கிறார். கண்ணுச்சாமிக்கு மட்டும் இல்லை, ஆர்டர் போட வருகிற அத்தனை பேருக்கும் தெரியுமாம்.

இவர் மெதுவாகக் கேட்டார். "தெரிஞ்சுமா ஆர்டர் போட்டீக?"

"கிட்னியப் பாத்தா அண்ணாச்சி சரக்கு வாங்குவோம்? உங்க வெடி வெடிக்குது, வாங்குதோம்."

"அப்ப டீ?"

கண்ணுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க மறைக்கீகன்னு தெரிஞ்சுது. டீ வேண்டாம்னு சொன்னா, இவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்க மொகம் வாடிரும். அதான் எல்லாரும் உங்க கூடக் குடிச்சோம்."

அந்த ஆளைத் திட்டுவதா, காலில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் விலை பேசினார்கள்.

மாதம் முடிந்து மறுபடி பரிசோதனை. அந்த மாதம் அவர் அளவுக்கு மேல் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்வேன். ஆனாலும் வயிறு தேறவில்லை. டாக்டர் வருத்தமாகத்தான் சொன்னார். போன வருஷமே சிவப்பை நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்ச வருஷம் பையிலேயே ஓட்ட வாய்ப்பு இருந்திருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

இனிக் கடைசிவரை வாரம் மூன்று நாள் மெஷின். முதல் வாரத்தில், ரத்தம் குழாய் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வந்தது. புதுப் பார்ட்டி, கோயம்புத்தூர்க்காரர், இவரை முன்பின் பார்த்தது இல்லை. நான் பேசுகிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். எனக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யாது, ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்காக. நீங்க ஆர்டரச் சொல்லுங்க, காந்தம் எழுதிக்கிடுவா."

போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் அந்த மனுஷர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பூச்சட்டி எத்தனை பெட்டி, சரவெடி எத்தனை பெட்டி என்று சொல்ல ஆரம்பித்தார்.

இம்புட்டுத்தானா? இவ்வளவு லேசான பேச்சா? இதை முதல் ஆடியிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இந்நேரம் ஃபேனை நிறுத்திவிட்டு எங்கள் அறையில் பை மாற்றிக்கொண்டிருப்பேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினேன்.